கை நனைத்த பிறகு ஒரு சர்வே

போன வாரம் நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து முத்துமாரி போன் செய்தாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். யாரோ ஒருவர் பழைய பாய்மரப் படகு ஒன்றை மலிவு விலைக்கு வாங்கப் போகிறாராம். சர்வேயர் நேரில் வர வேண்டாம், படகைச் சுற்றி வந்து கைபேசியில் வீடியோ எடுத்து அனுப்புகிறேன், அதைப் பார்த்து வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறாராம். என்ன பதில் சொல்ல என்று கேட்டாள். முடியாது என்று சொல், என்றேன். காரணம் கேட்டாள். சொல்லத் தொடங்கினேன், அடுப்பில் பால் பொங்கிவிட்டது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். அதுதான் இது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள் மாரி.

நான் சர்வேயர் இல்லை. கப்பல், தோணி, படகுகளை ஏறி இறங்கிச் சோதித்து அறிக்கை எழுதும் சர்வேயர் ஒருவரிடம் முப்பத்தோரு வருடம் டைப்பிஸ்டாக இருந்தவள். திருநெல்வேலி டவுணிலிருந்து தினமும் காலையில் பஸ் பிடித்து ஜங்ஷன் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் துறைமுகத்துக்குப் போவேன். சேர்ந்த புதிதில் எங்கள் தெருவில் பெரிய குழப்பம். 'செண்பகத்துக்கு சர்வே ஆபீசில் வேலை' என்று அம்மா சொல்லி வைத்ததில், ஒரு மாதத்துக்குள் நாலு பேர் பட்டாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் பக்கத்து வயல்காரன் வரப்பை வெட்டிவிட்டான் என்று வரைபடமே போட்டுக் காட்டினார். நான் அளப்பது நிலமில்லை, தண்ணீரில் மிதப்பது என்று விளக்கினேன். தண்ணீரை எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்டார். அவரோடு மல்லுக்கட்ட என்னால் முடியவில்லை.

என் முதலாளி மச்சாது சார். ஒல்லியான மனிதர், அரைக்கைச் சட்டை, கான்வாஸ் ஷூ. தோள்பையில் எந்நேரமும் ஒரு சின்னச் சுத்தியல், சாக்குக்கட்டி, நீளமான திருப்புளி, தண்ணீர் பிளாஸ்க், இரண்டு வாழைப்பழம். படகில் ஏறினால் வாய் திறக்க மாட்டாராம். எப்படி இருக்கு சார் என்று விற்பவரும் கேட்பார், வாங்குபவரும் கேட்பார். "எழுதித் தாரேன்" என்பார், அவ்வளவுதான். அலுவலகம் வந்து சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார், நான் அடிப்பேன்.

அவர் அறிக்கையில் ஒவ்வொரு வரியும் நான்கு வினைச்சொற்களில் ஒன்றில்தான் முடியும். பார்த்தேன், தட்டினேன், திறந்தேன், சொன்னார்கள். கண்ணால் கண்டதற்கு ஒன்று, சுத்தியலால் தட்டிக் கேட்டதற்கு ஒன்று, கழற்றிப் பார்த்ததற்கு ஒன்று, அடுத்தவர் வாய்மொழிக்கு ஒன்று. 'நல்ல நிலையில் உள்ளது' என்று நானாக ஒரு தடவை அழகுபடுத்தி அடித்துவிட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்து, நல்ல நிலை என்பதை நீ எங்கே நின்று பார்த்தாய் என்று கேட்டார். அப்புறம் ஆயுசுக்கும் நான் அதை அடிக்கவில்லை.

கடைசித் தாளுக்குத் தனித் தலைப்பு: 'பார்க்காத இடங்கள்'. எந்த மூலைக்குள் கை போகவில்லை, எந்தப் பலகையைப் பெயர்க்க அனுமதி கிடைக்கவில்லை என்று வரிசையாக இருக்கும். சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு தோணி அறிக்கையில் அந்தத் தலைப்பில் மூன்றே வரிதான் இருந்தது. மூன்று வரிக்கு ஒரு தாளா என்று விட்டுவிட்டு மற்றதை உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். சாயங்காலம் கோப்பைப் புரட்டியவர் திட்டவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்தத் தாளை அடித்து எடுத்துக்கொண்டு சாத்தான்குளம் பக்கத்தில் இருந்த அந்த ஆளின் வீடுவரை போய்க் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கி வந்தேன். போகும்போது அழுகை, வரும்போது கோபம். மறுநாள் அவர் ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த அறிக்கையைச் சொல்ல ஆரம்பித்தார்.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு. அறிக்கை எழுதி முடிக்கும்வரை விற்பவர் வீட்டில் கை நனைக்க மாட்டார். நம் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால் பேச்சு முடியும்வரை இலையில் உட்காருவதில்லையே, அதே கணக்குத்தான். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம், சம்மதித்த பிறகு குறை சொல்லக் கூடாது. கடற்கரை ஊர்களில் சாப்பிடாமல் போகிறவரை யாரும் விட மாட்டார்கள், சண்டைக்கே வருவார்கள். மச்சாது சார் அவர்கள் படகின் நிழலிலேயே குந்தி இரண்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுக் கிளம்பிவிடுவாராம். இந்த மனிதருக்கு இவ்வளவு வீம்பு ஆகாது என்று நானே நினைத்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருடம் முன்பு என் தம்பி கணபதி ஒரு படகு வாங்கக் கிளம்பினான்.

அவன் கல்லிடைக்குறிச்சியில் பெண்ணெடுத்து, மாமனாரின் அப்பளத் தொழிலை எடுத்து நடத்திக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டவன். ஆற்றைத் தவிர வேறு தண்ணீரில் கால் வைத்ததில்லை. அவன் மகள் காந்திமதி கல்லூரியில் மாணவர் படையின் கடற்பிரிவில் சேர்ந்து பாய்மரப் படகு ஓட்டப் படித்தவள். போட்டிகளுக்குப் போய்க் கோப்பைகளோடு வருவாள். படிப்பு முடிந்ததும், கடற்கரையில் ஒரு படகு வைத்துக்கொண்டு வருகிறவர்களை ஏற்றிப் போவேன், கற்றுக்கொடுப்பேன், அதுதான் என் தொழில் என்று நின்றாள். கணபதி முதலில் குதித்தான். பிறகு மகளைவிட அவனுக்குத்தான் ஆசை முற்றிவிட்டது. அப்பள டப்பாவில் பாய்மரப் படகுப் படம் போடலாமா என்று என்னிடமே கேட்டான்.

தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து ஊரில் தொபியாஸ் அண்ணாச்சி என்று ஒருவர். மீன்பிடித் தொழிலில் இருந்து வயதாகி ஒதுங்கியவர். அங்கே விடுதி நடத்திய ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது தன் இருபத்திரண்டு அடி ஃபைபர் பாய்மரப் படகை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு வருடமாகத் தார்ப்பாய் மூடி மணலில் கிடந்தது. புதிதில் பாதி விலைகூட இல்லை. கணபதியும் காந்திமதியும் போய்ப் பார்த்துவிட்டு நேராக டவுணுக்கு என் வீட்டுக்கு வந்தார்கள், முகமெல்லாம் சிரிப்பாக.

சர்வே பண்ணியாச்சா என்று கேட்டேன். பண்ணியாச்சே என்று ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினான். இன்சூரன்ஸுக்காக யாரோ விலை மதிப்பிட்டுக் கொடுத்த பழைய அறிக்கை அது. வழுவழு தாள், வண்ணப்படங்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வினைச்சொற்களை மட்டும் படித்தேன். உரிமையாளர் தெரிவித்தார், ஆவணங்களின்படி உள்ளது, கருதப்படுகிறது. பார்த்தேன் என்று ஒரு இடத்தில்கூட இல்லை. பார்க்காத இடங்கள் என்று கடைசித் தாளும் இல்லை. ஏனென்றால் அவர் எந்த இடத்தையுமே பார்க்கவில்லை. நிலத்துக்கும் சர்வே, விலைக்கும் சர்வே, படகின் வயிற்றுக்குள் கை விட்டுப் பார்ப்பதற்கும் அதே சர்வே. ஒரே சொல்லாகப் போனதில் என் தம்பி போன்றவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

மச்சாது சாரை வைத்துப் பார்க்கலாம் என்றேன். கணபதியின் சிரிப்பு நின்றுவிட்டது. படகே மலிவு, அதற்குப் போய் சர்வேக்குச் செலவா என்று கொஞ்ச நேரம் சுற்றி வளைத்தான். கடைசியில்தான் உண்மை வந்தது.

"அங்கன சாப்பிட்டுட்டு வந்துட்டேன் அக்கா. நாம சைவம்னு அந்த அம்மா புதுப் பானை வாங்கி, சாம்பாரு, அவியல், பாயசம்னு பண்ணியிருந்தாங்க. அவ்வளவு சாப்பிட்டு முன்பணமும் குடுத்துட்டு, இப்பம் போய் உம்ம படகைத் தட்டிப் பாக்கணும்னு எப்படிச் சொல்லுவேன்?"

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, அதுதான் கஷ்டம். அவன் இடத்தில் நான் இருந்தாலும் எனக்கு வாய் வந்திருக்காது. புதுப் பானை என்று கேட்டதும் என் மனசே இளகிவிட்டது. காந்திமதியைப் பார்த்தேன், அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று. அவள் என்னைவிடத் தெளிவாக இருந்தாள்.

"சர்வேன்னு போனா வேண்டாம்னுதான் அத்தை முடியும். எனக்கு இதை விட்டா வேற படகு கிடையாது. இந்த விலைக்கு அப்பா இன்னொரு தடவை சம்மதிக்கவும் மாட்டாங்க."

ஆக, தகப்பனுக்கு மரியாதை தடுக்கிறது, மகளுக்கு ஆசை தடுக்கிறது. நான் அன்று இரவு தூங்கவில்லை. இருபத்தேழு வருடமாக எத்தனை அறிக்கை அடித்திருக்கிறேன். சுக்கான் கழன்று போன படகு, அடிப்பலகை இற்றுப்போன தோணி என்று பிறத்தியார் பேர் போட்டு எத்தனை வரி. காந்திமதி என்ற பேரை அந்த வரிகளில் வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. அவள்தான் எனக்கு எல்லாம்.

மறுநாள் மச்சாது சாரிடம் சொன்னேன். அவருக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. கேட்டுவிட்டு, உரிமையாளர் சம்மதம் இருக்கா என்றார். இல்லை என்றேன்.

"சம்மதம் இல்லன்னா நான் கடற்கரையில நடந்து போற ஆளு செண்பகம். படகைத் தொட முடியாது."

அப்படியானால் சம்மதத்தை நானே வாங்குகிறேன் என்று முடிவு செய்தேன். கணபதிக்குப் போன் செய்து சொன்னேன். ஒளித்துச் செய்ய எனக்குப் பிடிக்கவில்லை. போகக் கூடாது என்றான். போவேன் என்றேன்.

"நான் கை நனைச்ச வீட்டுல போய் என்னை அசிங்கப்படுத்தாதே அக்கா. நீ போனேன்னா, அதோட நமக்குள்ள பேச்சு கிடையாது."

சரி, பேசாதே என்று சொல்லி வைத்துவிட்டேன். சொல்லும்போது ரோஷமாகத்தான் இருந்தது. வைத்த பிறகு அடுக்களையில் நின்று அழுதேன். இரண்டு பேர்தான் கூடப் பிறந்தவர்கள் நாங்கள்.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். தொபியாஸ் அண்ணாச்சி வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கணபதியின் அக்கா என்றதும் அவர் மனைவி ரோசம்மா உள்ளே இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து, இலை போடட்டுமா என்றாள். மூலையில் அந்தப் புதுப் பானைகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. சாப்பிட வரவில்லை அம்மா, முதலில் ஒன்று கேட்க வேண்டும், என்றேன். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். படகைச் சர்வேயரை வைத்துத் தட்டி, தேவைப்பட்டால் கழற்றிப் பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும், என் மருமகள் அதில் ஏறப் போகிறாள், என்றேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பணிவான வார்த்தைகள் எல்லாம் மறந்துபோய் மொட்டையாகத்தான் வந்தது.

அவர் எழுந்தார். வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். இலையில் உட்காராத பெண்பிள்ளை என்று திட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

"நீங்க கேட்டது எனக்கு நிம்மதியா இருக்கு தங்கச்சி," என்றார். "அந்தப் படகைத் தண்ணியில இறக்கினா மூணு நாளைக்கு ஒருக்கா உள்ள தண்ணி சேரும். எங்கன இருந்து வருதுன்னு தெரியாது. உங்க தம்பி கேட்பாரு, சொல்லணும்னு இருந்தேன். அவரு கேக்கலை. அதுக்குள்ள இவ இலையைப் போட்டுட்டா. அப்படி வயிறார வாழ்த்திச் சாப்பிட்ட மனுசன்கிட்ட, இந்தப் படகு ஒழுகும்னு எந்த வாயால சொல்ல?"

நான் சிரித்துவிட்டேன். அழுகையும் கூடவே வந்தது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே சாப்பாடு வாயை அடைத்துவிட்டது. இரண்டு பேருமே நல்லவர்கள். அதனாலேயே என் காந்திமதி ஒழுகும் படகில் போக இருந்தாள்.

சர்வே நாளில் நானும் போனேன். அத்தனை வருடத்தில் மச்சாது சார் படகைத் தட்டுவதை நான் நேரில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. காந்திமதி வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. கணபதி வரவில்லை. படகை மரக்கட்டைகளின்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். சார் ஷூவைக் கழற்றிவிட்டு முதலில் வெறுமனே இரண்டு சுற்று நடந்தார். பிறகு முன்பக்கம் குனிந்து, ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே பின்னால் வந்தார். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று இருந்தது. சில இடத்தில் ஈரத் தலையணையைத் தட்டிய மாதிரி அமுங்கிப்போனது. அங்கே சாக்குக்கட்டியால் ஒரு வட்டம். வெள்ளைப் பெயின்ட் அடித்து மின்னிக்கொண்டிருந்த படகில் வட்டம் கூடக் கூட, காந்திமதி கிட்டே நெருங்கி வந்தாள். ஒரு கட்டத்தில் சாருக்கு முன்பே அவள் தலை சாய்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

பாய்மரத்தின் அடி உட்காரும் பலகை ஃபைபர் உறைக்குள் இருந்தது. சார் அண்ணாச்சியைப் பார்த்தார், அவர் தலையாட்டினார். உறையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத் திருப்புளியை வைத்து அழுத்தினார், பிடிவரை உள்ளே போயிற்று. இழுத்ததும் பழுப்புத் தண்ணீர் வழிந்தது. சார் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, எழுதித் தாரேன் என்று கிளம்பினார். சாப்பிடாமல் போகிறாரே என்று ரோசம்மா வாசலில் நின்று வைததைக் காதிலேயே வாங்கவில்லை.

திங்கட்கிழமை அவர் சொல்ல நான் அடித்தேன். பார்த்தேன், தட்டினேன், திறந்தேன். கடைசித் தாளில் ஐந்து வரி. அதில் நான்காவது: 'சுக்கானைப் படகோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள். தலைகள் ஃபைபரால் மூடப்பட்டுள்ளன. பார்க்கவில்லை.' காந்திமதி அறிக்கையை வாங்க அலுவலகத்துக்கே வந்தாள். என் மேஜைக்கு எதிரே நின்று முழுதும் படித்தாள். வாங்கலாமா என்று சார் எழுதியிருப்பார் என்று தேடினாள் போல. அப்படி ஒரு வரியை அவர் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. பிறகு அவரிடம் நேராகப் போய், நாலாவது வரியை எப்படிப் பார்ப்பது என்று கேட்டாள்.

"அறுத்துத்தான் பாக்கணும். அறுத்தா படகுக்காரருக்கு நட்டம். அவரைக் கேளும்மா."

அன்று மத்தியானமே அவள் பஸ் ஏறிவிட்டாள். நான் கூடப் போகவில்லை. அவள் கேட்டதும் தொபியாஸ் அண்ணாச்சி தன் கையாலேயே அறுத்தாராம். மூன்று போல்ட்டுகளில் ஒன்று கையோடு வந்துவிட்டது. மற்ற இரண்டும் உப்பில் அரித்து நடுவில் தீக்குச்சி கனத்துக்கு இளைத்திருந்தன. நல்ல காற்றில், ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது சுக்கான் போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த போல்ட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போய்க் கல்லிடைக்குறிச்சியில் அப்பா முன்னால் வைத்தாளாம். படகு எனக்கு வேண்டும், ஆனால் இதையெல்லாம் மாற்றாமல் ஏற மாட்டேன், யாரையும் ஏற்றவும் மாட்டேன் என்றாளாம். அண்ணாச்சி கேட்காமலே விலையைக் குறைத்தார். கணபதி பணம் கொடுத்து வாங்கினான்.

என்னோடு அவன் பேசவில்லை. போல்ட்டைப் பார்த்த பிறகாவது பேசுவான் என்று காத்திருந்தேன். நான் செய்தது சரி என்று தெரிந்ததுதான் அவனுக்குக் கூடுதல் கோபம் என்று தோன்றுகிறது. தீபாவளிக்குப் பலகாரம் டிரைவர் கையில் வந்தது. பொங்கலுக்குக் கரும்பு வந்தது. ஆள் வரவில்லை. காந்திமதி மட்டும் வாரம் தவறாமல் போன் செய்வாள். ஃபைபர் வேலை தெரிந்த ஒருவரோடு சேர்ந்து அவளே முகமூடி மாட்டிக்கொண்டு இற்றுப்போன இடங்களை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டாள். எட்டு மாதம் ஆயிற்று. வேலை முடிந்ததும் மச்சாது சார் மறுபடி போய்த் தட்டினார். அந்தத் தடவை சாக்குக்கட்டிக்கு வேலை இருக்கவில்லை.

படகைத் தண்ணீரில் இறக்கும் நாளுக்கு என்னைக் காந்திமதிதான் கூப்பிட்டாள். போகலாமா என்று யோசித்துவிட்டுப் போனேன். ஊர் ஆட்கள் பாதிப் பேர் கரையில் நின்றார்கள். கணபதி பட்டு வேட்டி, சந்தனம், வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். தேங்காய் உடைத்தார்கள். படகின் சொந்தக்காரன் முதலில் ஏற வேண்டும் என்று அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். காந்திமதி படகில் நின்றபடியே ஒரு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை எடுத்து நீட்டினாள்.

கணபதி அதை வாங்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக, ஊர் முழுக்கப் பார்க்கிறது, கரை ஓரமாக ஒரு சுற்றுதானே என்று தணிந்த குரலில் கெஞ்சினான். அண்ணாச்சியும் போனால் போகட்டும் என்பது போலச் சிரித்தார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

"இதைப் போடாம ஏத்த மாட்டேன்ப்பா."

கரையில் யாரோ சிரித்தார்கள். கணபதியின் முகம் சிவந்துவிட்டது. திரும்பி வந்து காரில் ஏறிவிடுவான், இத்தனை நாள் வேலையும் மகளோடு பேச்சும் சேர்ந்தே போகும் என்று பயந்தேன். இடுப்பளவு தண்ணீரில் அவன் அப்படியே நின்றான். அவளும் நின்றாள். அவளுக்காக நான் பேசியிருக்கலாம். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

பிறகு அவன் அந்தச் சட்டையை வாங்கினான். பட்டு வேட்டிக்குமேல் அதை மாட்டிக்கொண்டு வாரை முன்னே இழுத்தான், பின்னே இழுத்தான், சிக்கிக்கொண்டது. அக்கம்பக்கம் பார்த்தான். அத்தனை மாதம் கழித்து என்னிடம் வாய் திறந்தான்.

"அக்கா, இது எங்கன மாட்டணும்?"

நான் சேலையோடு தண்ணீரில் இறங்கிப் போய் மூன்று கொக்கிகளையும் மாட்டிவிட்டேன்.